ஆறு கிலோ, முப்பது நிமிடம்

ஆடி மாதத்து மூன்றாம் ஞாயிறு, காலை பத்து மணி பத்து நிமிடம். அப்பா தீக்குச்சியைக் கிழித்து, மண்ணெண்ணெயில் ஊறிய மரச்சில்லுகளின் மேல் வைத்தார்.

நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமன்று. அதைக் குறித்து வைப்பது என் வேலை. நீள நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் அழுத்தம் என்று எழுதியிருந்தேன். முதல் வரியில் 10.10 என்பதற்கு எதிரே சுழியம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்கும் கழிவறைச் சுவருக்கும் நடுவே ஒரு சிமென்ட் தகடு வேய்ந்த இடம் இருக்கிறது. பழைய கதவொன்றைக் கிடத்திச் செய்த மேசையின் மேல் அந்த ரயில் எஞ்சின் நின்றது. ஆள் படுக்கும் கட்டிலில் முக்கால் நீளம். என் முழங்கால் உயரம். பொம்மை என்று சொல்ல வாய் வரும். ஆனால் உள்ளே உண்மையான செம்புக் கொதிகலன், உண்மையான நெருப்பு, உண்மையான நீராவி. ஓர் ஆளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போகும் என்றார் அப்பா.

புகைபோக்கியின் மேல் பழைய கணினியின் சின்ன மின்விசிறியைக் கவிழ்த்து வைத்திருந்தோம், காற்றை இழுப்பதற்கு. மரச்சில்லு பிடித்ததும் இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரியைக் கரண்டியால் போட்டார் அப்பா. கூழ் ஊற்றும் கோயிலின் ஒலிபெருக்கி இரண்டு தெரு தள்ளி அலறிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு நசீமா அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம்.

"இன்னாண்ணே, ஊட்டுக்குள்ளயே ரயில் வுடப் போறீங்களா? கேட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா. நீ அந்தப் பக்கமே நில்லு."

"எனக்கு ஒரு சீசன் டிக்கெட்டு எடுத்து வெய்யுங்க. மெட்ராசு வண்டியில நிக்கக்கூட எடமில்ல."

அப்பா சிரித்தார். கடந்த சில ஆண்டுகளில் அவர் சிரித்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் இதையும் கவனித்தேன்.

செம்புக் குவியல்

சென்ற சில வாரங்களாகக் கல்லூரிக்குப் போய்வரும் மின்ரயிலைப் பற்றியே இந்தப் பக்கங்களில் எழுதிவந்தேன். இந்த வாரம் வேறொரு ரயில், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பழைய இரும்பு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கி, லாரியேறி, எங்கள் ஊர் உருக்கு ஆலைகளுக்கு வரும். ஆலைக்குள் போகுமுன் அதைப் பிரிக்கும் கொட்டடிகள் நெடுஞ்சாலையோரம் வரிசையாக உண்டு. அப்படியொரு கொட்டடியில் எடைமேடைக் காவலராக அப்பா வேலை பார்க்கிறார். இரும்புக்குள் மறைந்து வரும் செம்பு, பித்தளையைத் தனியே குவிப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் யாரோ கையால் செய்த எஞ்சின் அந்தக் குவியலில் குப்புறக் கிடந்தது. உரிமையாளரிடம் கேட்டு, செம்பின் விலைக்கே வாங்கி, ஷேர் ஆட்டோவில் சாக்குப் போர்த்திக் கொண்டுவந்தார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஊட்ல இருக்கற சாமானத்துக்கே எடமில்ல, நீங்க ஒரு ரயில் புடிச்சினு வந்துகிறீங்க" என்றாள். பிறகு குனிந்து, கொதிகலனின் முன்பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "யாரோ நல்லா வேல தெரிஞ்சவன் பத்த வெச்சிகிறான்" என்றாள்.

அவளுக்கு அது தெரியும். அம்மா குளிர்சாதனப் பெட்டிக்குச் செம்புச் சுருள் செய்யும் தொழிற்சாலையில் பிரேசிங் பிரிவில் இருக்கிறாள். வளைந்த குழாயையும் நேர்க்குழாயையும் நெருப்பால் சிவக்கவைத்து, வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுகிற வேலை. ஒவ்வொரு சுருளையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால், ஒட்டியவரின் எண் பலகையில் ஏறும். அம்மாவின் எண் பதினேழு. அந்த எண் பலகையில் ஏறிய நாட்களில் அவள் இரவுச் சாப்பாட்டில் பேசமாட்டாள்.

எழுதும் கை

அப்பா இப்போது காவலர். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் தொழிற்பேட்டையின் ஓர் ஆலையில் கொதிகலன் இயக்குபவராக இருந்தார். சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஆலையில் மணிக்கொரு முறை நீர்மட்டமும் அழுத்தமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். எல்லா மணிக்கும் ஒரே அளவுதான் வரும். ஆகையால் சாப்பிடப் போகுமுன் அடுத்த இரண்டு மணியின் அளவையும் எழுதிவிட்டுப் போவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒருநாள் பகல் ஷிப்டில் அப்பாவும் அப்படி எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றது. நீர் குறைந்து, பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட ஈயத் திருகு உருகி, கொதிகலன் அணைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நீரில்லாத நேரத்துக்கு எதிரே "மட்டம் சரி" என்று அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. விசாரணையில் அந்தப் பக்கத்தைத்தான் அவர் முன்னால் திறந்து வைத்தார்களாம்.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "பாக்காமலே எப்படி நைனா எழுதுவீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். அவர் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் மறுபடி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு குறைந்ததை அந்தக் கேள்வியிலிருந்து கணக்கிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆடி மாதத் தொடக்கத்தில் சோழவரம் பக்கத்து அரிசி ஆலையொன்றிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். நெல் அவிக்கும் கொதிகலனுக்கு ஆள் வேண்டும், பழைய கதை தெரியும், இருந்தாலும் வாருங்கள் என்றார்கள். மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும். அப்பா வருவதாகவும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை.

"இன்னா யோசன? பன்னெண்டு மணி நேரம் லாரிய எண்ணிக்கினு குந்தினு இருக்கறதுக்கு அது மேலு" என்றாள் அம்மா.

"இந்த சின்னத ஒரு தபா ஏத்திப் பாக்கறேன். நெருப்பு வெச்சி, பிரஷர் நாலு கிலோ ஏறி, சேஃப்டி வால்வு தானா தொறக்கணும். அப்போ எனக்கே தெரிஞ்சிடும்."

"இன்னா தெரியும்?"

"நான் பாய்லர்காரனா இல்லையான்னு."

மறுநாள் நீள நோட்டை என்னிடம் கொடுத்தார். "எல்லா வேலயும் நான் பாத்துக்கறேன் பாப்பா. எழுதறது மட்டும் நீ. நீ பாக்காத ஒண்ண எழுத மாட்ட."

பதினேழாம் எண்

பழுது பார்ப்பதற்கு எங்கள் மூவருக்கும் பொதுவான ஓய்வு நேரம் வேண்டும். அது அரிய பொருள். அம்மா காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஐந்துக்கு இறங்குவாள். அப்பாவுக்குப் பகலும் இரவும் மாறி மாறி வரும். நான் கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மூவரும் வீட்டிலிருக்கும் ஞாயிறுகளில் மூவருக்குமே தூக்கம்தான் முதல் தேவை. ஆகவே ஆடிக்கு முன்பே தொடங்கிய வேலை ஊர்ந்தது. ஒரு ஞாயிறு சக்கரங்களின் துரு. அடுத்தது இறுகிப்போன உந்துதண்டு. அதற்கடுத்த ஞாயிறு, ஒன்றுமே செய்யாமல் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து நாஷ்டா தின்றோம்.

கொதிகலனுக்குள் செம்புக் குழாய்கள் இரண்டு, தகட்டில் சேரும் இடத்தில் விட்டிருந்தன. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் டார்ச் இரவல் வாங்கி அம்மா உட்கார்ந்தாள். செம்பு செர்ரிப் பழ நிறத்துக்கு வந்ததும் கம்பியைத் தொட்டாள். வெள்ளி ஒரு கண்சிமிட்டலில் வட்டமாக ஓடியது. வேர்வை அவள் மூக்கு நுனியில் நின்றது.

"இங்க பலக இல்ல, பயப்படாத" என்றார் அப்பா.

"பலக இல்லன்னா இன்னா? நான் இருக்கறேன்ல" என்றாள் அம்மா.

சனிக்கிழமை

பழுது பார்த்த கொதிகலனில் உடனே நெருப்பு வைக்கக்கூடாது. முதலில் குளிர்ந்த நீரை விளிம்புவரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கவேண்டும். எங்கள் எஞ்சின் ஓடவேண்டிய அழுத்தம் நான்கு கிலோ. சோதனைக்கு ஆறு கிலோ. அது அரை மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து எழுதவேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ஊர்த் தண்ணீர் உப்பு. எடைமேடை அறையின் குளிர்சாதனப் பெட்டி சொட்டும் நீரை அப்பா கேனில் பிடித்து வந்திருந்தார். சனிக்கிழமை காலை இரவுப் பணி முடிந்து வந்தவர் நிரப்பி, ஏற்றி, ஆறில் நிறுத்தினார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க போய்ப் படுங்க நைனா. நான் பாத்துக்கறேன்."

"அரை மணி நேரம்தான். முள்ளு மேலயே கண்ணு இருக்கட்டும்."

நான் அந்த வாரம் முழுவதும் ஆய்வேட்டின் முதல் இயலைத் திருத்தித் திருத்தி எழுதியிருந்தேன். சுழியாம் நிமிடம், ஆறு. ஐந்தாம் நிமிடம், ஆறு. பத்து, பதினைந்து, ஆறு. தகட்டுக் கூரையிலிருந்து வெப்பம் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்தேன்.

கண் திறந்தபோது முப்பத்தோராம் நிமிடம்.

முள் ஆறின் மேல் இல்லை. ஆறுக்குக் கீழே, ஒரு நெல்மணியின் அகலம் இறங்கியிருந்தது.

இதை நான் சரியாகச் சொல்லவேண்டும். தூங்கிப்போனது என் தவறு. ஆனால் தவறு அத்தோடு நிற்கவில்லை. முள்ளைப் பார்த்தேன். அது காட்டியது எனக்குத் தெரிந்தது. பிறகு பலவற்றை யோசித்தேன். சோதனை தோற்றால் அம்மா தன் ஒரே ஓய்வுநாளில் மறுபடி டார்ச்சின் முன் உட்காரவேண்டும். மூவருக்கும் பொதுவான அடுத்த ஞாயிறு மூன்று வாரம் கழித்து. அதற்குள் ஆடி முடிந்துவிடும், அரிசி ஆலைக்காரர் காத்திருக்கமாட்டார். முள்ளுக்கே ஒரு தடிமன் உண்டு. வெயிலில் பார்வை பிசகும். இவ்வளவும் அரை நிமிடத்தில் எனக்குத் தோன்றிவிட்டன. இருபது, இருபத்தைந்து, முப்பது ஆகிய மூன்றுக்கும் எதிரே "6" என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன். வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினேன்.

மாலையில் எழுந்து வந்த அப்பா கேட்டார். "நின்னுச்சா?"

"நின்னுச்சு நைனா."

அவர் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எஞ்சினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து ஐம்பத்திரண்டு

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

பத்து முப்பத்தைந்துக்கு முள் முதன்முறையாக அசைந்தது. பத்து நாற்பதுக்கு ஒரு கிலோ. அப்பா மின்விசிறியை எடுத்துவிட்டு, கொதிகலனின் சொந்த நீராவியையே புகைபோக்கிக்குத் திருப்பினார். நெருப்பு சரசரவென்று வெளுத்தது. சூடான எண்ணெயும் கரியும் கலந்த அந்த வாடை அவருடைய பழைய சீருடையில் நாங்கள் பல ஆண்டுகள் துவைத்த வாடை. அம்மாவும் அதை உணர்ந்திருக்கவேண்டும். முந்தானையால் மூக்கை மூடுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ரெண்டு" என்றேன். பிறகு, "ரெண்டரை."

"பாத்தியா, எப்படி ஏறுது பாரு" என்றார் அப்பா. நெருப்பறையின் சின்னக் கதவைத் திறந்து, இன்னும் ஒரு கரண்டி கரி போடக் கையை நீட்டினார்.

பத்து ஐம்பத்திரண்டு. மூன்று கிலோ.

உள்ளே ஏதோ சீறியது. கதவு வழியாக வெள்ளையாக ஆவியும் சாம்பலும் அடித்தன. அப்பா கையை இழுத்துக்கொண்டார். புகைபோக்கியிலிருந்து ஈரப்புகை வந்தது. பிறகு நெருப்பு, சாதம் பொங்கி அடுப்பில் வழிந்ததுபோல, அணைந்தது.

அப்பாவின் வலக்கை, மணிக்கட்டிலிருந்து முன்கையின் பாதிவரை சிவந்திருந்தது. அம்மா அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"என் ஜாயின்ட்டுதான் வுட்டுடுச்சி" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "நான் ஒட்டுனதுதான்."

"உன் ஜாயின்ட்டு ஆறு கிலோ தாங்குச்சி. பாப்பா எழுதிகிறா. இது நான் ஏத்துனதுல தப்பு. அவசரமா ஏத்திட்டேன். என் கைக்கு பாய்லர் நிக்காது, வுடு."

நசீமா அக்கா சுவருக்கு மேலே மருந்து டியூப் ஒன்றை நீட்டினார்.

நான் நோட்டைக் கையில் வைத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் திறக்க எத்தனையோ இடைவெளிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அப்பா அரிசி ஆலைக்காரருக்குத் தொலைபேசினார். "இல்லீங்க, எனக்குத் தோதுப்படாது. வேற ஆளு பாத்துக்குங்க." அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. களைத்துப்போன மனிதர் ஒரு மூட்டையை இறக்கிவைப்பது போலத்தான் இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள்

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு இருபது வண்டிக்குப் போகவேண்டியவள், பின்புறம் போய் மேசையருகே நின்று நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமையின் கடைசி மூன்று அளவுகளையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். அடியில் இருப்பது படிக்கும்படியாகத்தான் அடித்தேன். "20, 25: பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன். 31: ஆறுக்குக் கீழே. தெரிந்தே 6 என்று எழுதினேன்" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன் வைத்தேன்.

அவர் படித்தார். தேநீரை முடித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"முழிச்சப்போ எவ்ளோ கீழ?"

"அஞ்சே முக்கால் இருக்கும்."

"இருக்குமா, இருந்துச்சா?"

"இருந்துச்சு நைனா."

அம்மா சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றாள். அவளும் கேட்டுவிட்டாள். "நேத்துலேர்ந்து என் ஜாயின்ட்டு, என் ஜாயின்ட்டுன்னு நான் செத்துக்கினு கீறேன். நைனாவுக்குக் கை வெந்துச்சி. அப்பவும் வாயத் தொறக்கல இல்ல நீ? படிச்ச பொண்ணு!" தெருமுனையில் கம்பெனி பஸ் ஒலி எழுப்பியது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்கப்புறம் நான்கு நாள் என்னோடு அவள் பேசவில்லை.

"மில்லுக்கு போன் பண்ணட்டுமா நைனா? தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்" என்றேன்.

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல தண்ணி ரொப்பு."

மில்லில் அந்த வாரமே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். எங்கள் அழைப்புக்கு அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்.

நிரப்பினேன். பம்படித்தது நான்தான், அவர் வலக்கையில் துணி சுற்றியிருந்தது. முள் ஆறுக்கு வந்ததும் வழக்கப்படி நோட்டை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அப்பா அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கேட்டார்.

"நீ டார்ச் அடிச்சி உள்ள பாரு. நான் முள்ளப் பாக்கறேன்."

நான் தரையில் படுத்து நெருப்பறைக்குள் ஒளி அடித்தேன். அம்மா ஒட்டிய இரண்டு இடங்களும் உலர்ந்திருந்தன. உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும் செம்புக் கம்பிகளில் ஒன்றின் தலையைச் சுற்றி, முன்பு வைத்திருந்தவர் யாரோ சாதாரண ஈயப் பற்று வைத்து மழுப்பியிருந்தார். நேற்றைய சூட்டில் இளகி வழிவிட்ட அந்த ஈயம், ஆறியபின் மீண்டும் இறுகியிருந்தது. இருபதாம் நிமிடம் அங்கே ஒரு துளி திரண்டு, நின்று, விழுந்தது.

"மேலேர்ந்து ரெண்டாவது வரிசை. அம்மாவுது இல்ல."

"சரி. கம்முனு இரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

தோற்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் அவர் முப்பதாம் நிமிடம்வரை முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துணி சுற்றிய கையால் கோணல்மாணலாக எழுதினார்: இருபது, ஆறுக்குச் சற்றுக் கீழே. இருபத்தைந்து, ஐந்து எண்பது. முப்பது, ஐந்து எழுபது. கீழே "தேறவில்லை" என்று எழுதி, அந்த ஆலையை விட்டு வந்த பிறகு முதன்முறையாக ஒரு பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

பிறகு பணிக்குக் கிளம்பினார். நான் வால்வைத் திறந்து நீரை வடித்தேன். அன்று கல்லூரிக்குப் போகவில்லை. அந்தக் கம்பியை மறுபடி ஒட்டக் கொதிகலனை வெளியே எடுத்தாகவேண்டும். கொதிகலனைச் சட்டத்தோடு பிணைத்திருந்த திருகுகள் பன்னிரண்டு. மதியத்துக்குள் ஒன்பதைக் கழற்றியிருந்தேன்.